மேசனெட்டா, ஐந்தறையா, நான்கறையா: முதல் வீடு வாங்கும் தம்பதிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 31 வயது, மனைவிக்கு 29. இருவரும் சிங்கப்பூரர். கல்யாணமானதிலிருந்து ஈசூனில் என் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறோம். மனைவி இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். என் சம்பளம் 5,400 வெள்ளி, அவருடையது 4,200. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் இருவருக்கும் சேர்த்து 110,000 வெள்ளி இருக்கிறது. கையில் ரொக்கம் 45,000. பிடிஓ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் புதிய வீடு) குலுக்கலில் இரண்டு முறையும் கிடைக்கவில்லை, அதனால் மறுவிற்பனை வீடு பார்க்கிறோம். மூன்று வீடுகள் மனதில் நிற்கின்றன. ஈசூனில் 1985-ல் கட்டிய நான்கறை, 530,000 வெள்ளி, குத்தகை (வீட்டை வைத்திருக்கும் உரிமைக் காலம்) 58 ஆண்டு மீதம். அதே பேட்டையில் 1988-ல் கட்டிய எக்சிகியூட்டிவ் மேசனெட் (இரண்டு தள வீவக வீடு), 890,000, குத்தகை 61 ஆண்டு. செம்பவாங்கில் 2000-ல் கட்டிய ஐந்தறை, 640,000, குத்தகை 73 ஆண்டு. எனக்கு மேசனெட்டை விட மனமில்லை. மனைவிக்கு ஓப்பன் கிச்சன் வேண்டும். அம்மாவுக்குக் கிழக்குப் பார்த்த வாசலும் பூசைக்கு இடமும் வேண்டும். மைத்துனர் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கச் சொல்கிறார். குழந்தை பிறந்ததும் மனைவி ஓராண்டு வேலைக்குப் போக மாட்டார். நாங்கள் எதை வாங்கலாம்?

பதில்: வருமானம், சேமிப்பு, வயது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. முகவர் தொழிலில் என்னிடம் வருகிறவர்களில் பலர் வீட்டின் படத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் கணக்கை முதலில் காட்டியிருக்கிறீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: நீங்கள் பார்த்த மூன்றையும் விட்டுவிட்டு, அந்தச் செம்பவாங் ஐந்தறை இருக்கும் வட்டாரத்திலேயே ஒரு நான்கறை தேடுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது விலை அல்ல, மனைவியின் வயது. மறுவிற்பனை வீட்டுக்கு ஒரு விதி இருக்கிறது, 2019 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ளது. வாங்குபவர்களில் வயதில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடிக்க வேண்டும். நீடித்தால்தான் சேம நிதியையும் வீவக கடனையும் முழு அளவில் பயன்படுத்தலாம். 95-லிருந்து 29-ஐக் கழித்தால் 66. உங்களுக்கு வேண்டியது 66 ஆண்டுக் குத்தகை மீதமுள்ள வீடு. ஈசூன் நான்கறையில் 58 ஆண்டுதான் இருக்கிறது, மேசனெட்டில் 61. இரண்டுமே தேறவில்லை. அதற்காக வாங்கவே முடியாது என்றில்லை. ஆனால் கடன் வரம்பும் சேம நிதியில் எடுக்கக்கூடிய தொகையும் விகிதப்படி குறையும், விழும் துண்டை ரொக்கமாகப் போட வேண்டும். உங்களிடம் இருக்கும் 45,000 அதற்குக் காணாது. விலை குறைவாகத் தெரிகிறதே என்று பழைய வீட்டுக்குப் போகும் இளம் தம்பதிகள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பனை விளம்பரத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

மேசனெட்மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு தளம், நடுவில் படிக்கட்டு, 140 சதுர மீட்டருக்கு மேல் இடம். வீவக இப்போது அவற்றைக் கட்டுவதில்லை, அதனால்தான் விலையும் இறங்க மறுக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். தவழும் பிள்ளை ஒன்று, அடிக்கடி வந்து தங்கும் பெற்றோர். பெரும்பாலான மேசனெட்டுகளில் படுக்கையறை எல்லாம் மேல்தளத்தில். கீழே கூடமும் சமையலறையும் ஒரு கழிவறையும்தான். ராத்திரி பால் கலக்க ஒவ்வொரு முறையும் படி இறங்க வேண்டும். இன்னும் பத்து வருடத்தில் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஒத்துவருமா என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் விட்டாலும் பணம் ஒத்துவராது. மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி, உங்களுக்கு அது 2,880 வெள்ளி. வீவக கடனின் வட்டி 2.6 விழுக்காடு என்றாலும், கடன் வரம்பைக் குறைந்தது 3 விழுக்காட்டு வட்டியில்தான் கணக்கிடுவார்கள். 25 ஆண்டுத் தவணையில் இந்தத் தொகைக்கு ஏறக்குறைய 607,000 வெள்ளிவரைதான் கடன் எடுக்க முடியும். 890,000 வெள்ளி வீட்டுக்கு மீதியை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? மேசனெட்டை விட்டுவிடுங்கள்.

கொண்டோவுக்கும் பதில் சுருக்கமானதுதான். வங்கிக் கடன் விலையில் 75 விழுக்காடுவரை கிடைக்கும், ஆனால் குறைந்தது 5 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். 12 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 60,000. கையில் இருப்பது 45,000. மானியமும் ஒரு காசு கிடையாது. மைத்துனர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

ஆக மிஞ்சுவது செம்பவாங். அந்த வட்டாரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990-களின் கடைசியிலும் 2000-ஐ ஒட்டியும் வீவக கட்டிய நான்கறை வீடுகள் பல 100 சதுர மீட்டர் அளவில் இருக்கின்றன. இப்போதைய பிடிஓ நான்கறை 90 சதுர மீட்டரை ஒட்டித்தான். குத்தகையும் உங்களுக்கு வேண்டிய 66-ஐத் தாராளமாகத் தாண்டும். பழைய வீட்டின் இடவசதியும் புதிய வீட்டின் குத்தகையும் ஓரளவுக்கு ஒன்றாகக் கிடைக்கும் காலகட்டம் இது. முதல் வீடு வாங்குகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இந்த வயதுள்ள புளோக்குகளைத்தான். அப்புறம் தூரம். செம்பவாங்கின் பெரும்பகுதி ஈசூனிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வரும், கேன்பரா எம்ஆர்டி பக்கம் இன்னும் நெருக்கம். 4 கிலோமீட்டர் என்ற கணக்கு முக்கியம். பெற்றோர் வீட்டிலிருந்து அந்தத் தொலைவுக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் 20,000 வெள்ளி அருகாமை மானியம் உண்டு. வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட புளோக் தொலைவுக்குள் வருகிறதா என்று வீவக இணையத்தளத்தில் சரிபார்த்துவிடுங்கள், குத்துமதிப்பாக நம்பிவிட வேண்டாம்.

இப்போது மானியத்தைப் பார்ப்போம், ஐந்தறைக்கும் நான்கறைக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. உங்கள் கூட்டு வருமானம் 9,000 வெள்ளியைத் தாண்டுவதால் மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் கிடைக்காது. ஆனால் முதல்முறை மறுவிற்பனை வீடு வாங்கும் சிங்கப்பூர்த் தம்பதிக்கு, வருமானம் 14,000-க்குள் இருந்தால், சேம நிதி வீட்டு மானியம் உண்டு. நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்கு 80,000 வெள்ளி, ஐந்தறை அல்லது அதைவிடப் பெரிய வீட்டுக்கு 50,000. ஓர் அறை கூடும்போது 30,000 வெள்ளி கைவிட்டுப் போகிறது.

ஐந்தறையின் கணக்கைப் பாருங்கள். 640,000 வெள்ளி, கடன் 75 விழுக்காடு என்றால் 480,000. மாதத் தவணை சுமார் 2,178 வெள்ளி. மீதி 160,000-க்கும் முத்திரை வரி 13,800-க்கும் உங்கள் 70,000 மானியத்தோடு சேம நிதியில் இருப்பதையும் ஏறக்குறைய துடைத்தெடுக்க வேண்டும். கணக்கில் 6,000 வெள்ளி சொச்சம்தான் தங்கும். இருவர் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் சாதாரணக் கணக்கில் விழுவது 23 விழுக்காடு, அதாவது 2,208 வெள்ளி. தவணைக்குச் சரியாகப் போய்விடும் என்று தோன்றும். ஆனால் 35 வயதைத் தாண்டினால் அந்த 23 விழுக்காடு 21 ஆகக் குறையும். அதற்கு முன்பே மனைவி வேலையை விடும் அந்த ஓராண்டு வருகிறது. அப்போது உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் வருவது 1,242 வெள்ளி, மாதத்துக்கு 900 வெள்ளிக்கு மேல் துண்டு விழும். டயபர், பால், டாக்டர் என்று செலவு ஏறும் வருடத்தில் அதை ரொக்கமாகக் கட்டுவது வீட்டுக்குள் சண்டையைத்தான் கொண்டுவரும்.

அதே வட்டாரத்தில் 560,000 வெள்ளிக்கு ஒரு நான்கறை அமைந்தால் நிலைமை வேறு. மானியம் 80,000, அருகாமை மானியம் 20,000. வீவக கடன் எடுக்கும்போது ஆளுக்கு 20,000 வெள்ளிவரை சாதாரணக் கணக்கில் விட்டுவைக்க அனுமதி உண்டு. இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்த 40,000 வெள்ளியைத் தொடாமல் விட்டாலும், மீதி 70,000-மும் மானியமும் சேர்ந்து 170,000 ஆகிறது. முத்திரை வரி 11,400 போக, கடன் நான்கு லட்சத்தைச் சற்றே தாண்டும். தவணை சுமார் 1,820 வெள்ளி. மனைவி வீட்டில் இருக்கும் ஆண்டில் மாதம் 580 வெள்ளி அளவுக்குக் குறையும், அதை அந்த 40,000-லிருந்தே ஈடுகட்டலாம். ஒருவேளை ஓராண்டு இரண்டாண்டாக நீண்டாலும் பதற வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்துக்கு ஒரு கூடுதல் அறையைவிட இந்த நிம்மதி பெரிது என்பது என் உறுதியான கருத்து.

மானியம் கையில் வரும் பணம் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். அது சேம நிதிக் கணக்குக்குள் போய் அங்கிருந்து வீட்டுக்குப் போகும். நாளைக்கு வீட்டை விற்றால், எடுத்த சேம நிதிப் பணத்தோடு அந்த மானியத்தையும் வட்டி சேர்த்து உங்கள் சேம நிதிக் கணக்குக்கே திருப்பி வைக்க வேண்டும். விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ரொக்கம் கரையும் இடம் வேறு. விற்பவர் கேட்கும் விலை வீவக மதிப்பீட்டைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை முழுக்க ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மதிப்பீடு எவ்வளவு என்பது, விற்பவர் வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து, நீங்கள் மறு வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த பிறகுதான் தெரியும். பேரம் பேசும்போது இருட்டில்தான் பேசுகிறீர்கள். அந்த இருட்டைக் குறைக்க ஒரு வழி, அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் சமீபத்தில் விற்ற விலைகளை வீவக இணையத்தளத்தில் பார்ப்பது. தளம், பரப்பளவு, குத்தகை எல்லாமே அதில் இருக்கும். ஒன்று நல்லது, உரிமைப் பத்திரத்துக்கு நீங்கள் கட்டும் தொகை 1,000 வெள்ளியைத் தாண்டாது. முடிவெடுக்க 21 நாள் உண்டு. மதிப்பீடு ரொம்பக் கீழே வந்தால் அந்தப் பணத்தை விட்டுவிட்டு விலகிவிடுங்கள். 1,000 வெள்ளி போகிறதே என்று 25,000 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள். முகவரோ வேறு யாரோ அந்தப் பணத்தைத் தன் கையில் கேட்டால் கொடுக்கவே கூடாது. வீடு விற்பனையில் பரிவர்த்தனைப் பணத்தை முகவர் கையாள்வதற்குத் தடை இருக்கிறது.

நம் சமூகத்துக்கென்றே ஒரு விஷயம். வீவக புளோக்குகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-லிருந்து இருக்கிறது. இந்தியர், பிற இனத்தவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடும், அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடும் வரம்பு. ஒரு புளோக்கில் அது நிரம்பியிருந்தால், அங்கே உங்களுக்கு விற்க அதே பிரிவைச் சேர்ந்தவரால்தான் முடியும். சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் பயனில்லை. இது வாங்கும்போது மட்டும் வரும் தொல்லை அல்ல. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வாங்கினால், பின்னால் விற்கும்போது நீங்கள் சீனருக்கு விற்க முடியாது, ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். அதனால் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே புளோக் எண்ணைப் போட்டு வீவக இணையத்தளத்தில் பாருங்கள். மாதாமாதம் முதல் தேதி விவரம் மாறும்.

இனி அம்மாவின் வாசல். அவருடைய விருப்பத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இரண்டு திசையைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்வாரம் வைத்த நீளமான புளோக்குகளில் வாசல் ஒரு பக்கம், ஜன்னல்கள் நேர் எதிர்ப்பக்கம். வாசல் கிழக்கென்றால் எதிர்ப்பக்கத்து அறைகளில் சாயங்கால வெயில் நேராக அடிக்கும். சிங்கப்பூரில் மேற்கு வெயில் வாங்கிய சுவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் தொட்டால் சூடாக இருக்கும். பச்சைக் குழந்தையை அந்த அறையில் படுக்கவைத்தால் ஏர்கான் நிற்காது. மின்தூக்கி முற்றத்துக்குள் வாசல் திறக்கும் புளோக்குகளில் வாசலுக்கும் ஜன்னலுக்கும் அப்படி நேர்த்தொடர்பு இருக்காது, கிழக்கு வாசலும் வடக்கு தெற்கு ஜன்னலுமாக அமைய வாய்ப்புண்டு. எதுவானாலும், பிடித்த வீட்டை இரண்டாம் முறை பார்க்கும்போது மாலை நான்கு மணிக்குப் போங்கள், அம்மாவையும் அழைத்துப்போங்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.

பூசைக்கு வீட்டுப் புகலிட அறையை (அவசரகாலப் பாதுகாப்பு அறை) நினைத்திருந்தால் வேண்டாம் என்பேன். 1990-களின் கடைசியிலிருந்து கட்டிய வீடுகளில் அந்தக் கனமான இரும்புக் கதவு அறை இருக்கும். அதன் சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ அனுமதி இல்லை, விளக்கேற்றிச் சாம்பிராணி போடக் காற்றோட்டமும் போதாது. கூடத்தின் ஈசான்ய மூலையில் ஒரு நல்ல மர மாடம் வையுங்கள், அம்மாவும் வந்தால் உட்கார்ந்து கும்பிட வசதியாக இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்வரவும் செம்பவாங் தூரமில்லை.

ஓப்பன் கிச்சனைப் பற்றி உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் மீன் பொரிப்பீர்கள், மிளகாய் தாளிப்பீர்கள்? அடிக்கடி என்றால், சுவரை முழுக்க எடுத்தபின் அந்த வாடை சோபா துணியிலும் குழந்தையின் தொட்டிலிலும் ஏறும். இடைவழி ஒன்று இருக்கிறது. சுவரின் மேல்பாதியைக் கண்ணாடியாக்கி, தள்ளுகதவு போட்டால் வெளிச்சமும் வரும், வேண்டும்போது அடைக்கவும் முடியும். எந்தச் சுவரை எடுக்கலாம் என்பதை வீவக தீர்மானிக்கும், தாங்கு சுவரில் கைவைக்க முடியாது. வீவக பதிவு பெற்ற ரெனவேஷன் ஒப்பந்ததாரர் வழியாக அனுமதி வாங்கிய பிறகுதான் உடைக்கும் வேலை. முன்னாள் உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏதாவது உடைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள், அந்தச் சுமை நாளைக்கு உங்கள் தலையில் விழலாம்.

வீட்டைப் பார்க்கும்போது கூடத்தின் அலங்காரத்தில் மயங்காமல் நேராகக் கழிவறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் வட்டம், ஊதிய சாயம், துரு தெரியும் கம்பி, சமீபத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் அடித்த வெள்ளைப் பெயின்ட், இவை எல்லாமே மேல்வீட்டுக் கசிவின் அடையாளங்கள். சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்ந்தது. வீவகவின் நல்லெண்ண உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் பங்கிட வேண்டும். பணத்தைவிட, மேல்வீட்டார் கதவைத் திறந்து ஆளை உள்ளே விடுவார்களா என்பதுதான் பெரிய பாடு. அதனால் மேல்வீட்டு மணியை ஒருமுறை அடித்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடப் பேச்சிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பிடிஓவை முற்றிலும் மறக்க வேண்டுமா? குழந்தை இல்லாதிருந்தால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். மானியமும் அதிகத் தள்ளுபடியும் கொண்ட பிளஸ், பிரைம் வகை வீடுகளில் 10 ஆண்டு கட்டாயம் குடியிருக்க வேண்டும், விற்கும்போது தள்ளுபடியின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். ஸ்டாண்டர்ட் வகைக்கு 5 ஆண்டுதான். ஆனால் எந்த வகையாக இருந்தாலும் சாவி கைக்கு வரப் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டு ஆகிவிடும். உங்கள் பிள்ளை பாலர்பள்ளிக்குப் போகும் வயது வந்துவிடும்.

பிரசவத்துக்குள் குடிபோக வேண்டும் என்று மட்டும் அவசரப்படாதீர்கள். வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகே ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும், அதற்கு முன் வீடு தேடும் காலம், பின் ரெனவேஷன். பெயின்ட் வாசனையும் சிமென்ட் தூசும் உள்ள வீட்டுக்குப் பத்து நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அம்மா வீட்டிலேயே பத்தியமும் எண்ணெய்க் குளியலும் முடியட்டும். 45,000-ல் 20,000 வெள்ளியைத் தொடாமல் வைத்துவிட்டு, கழிவறையையும் மின்கம்பியையும் மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். அலமாரி வேலையெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எச்எஃப்இ கடிதத்துக்கு (வீடு வாங்க உங்களுக்குள்ள தகுதியைச் சொல்லும் வீவக கடிதம்) விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் உரிமைப் பத்திரம் வாங்க முடியாது, வந்தால் 9 மாதம் செல்லும். எந்த மானியம், எவ்வளவு கடன் என்று வீவக அதிலேயே எழுதித் தரும். கடிதம் வந்ததும் அதில் உள்ள தொகைகளை எனக்கு எழுதுங்கள். நான் மேலே போட்ட கணக்கை அவற்றோடு ஒப்பிட்டு, எந்த விலைக்கு மேல் போகக்கூடாது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.